மட்டுறுத்துநர் புராணம்

ஆதியில் மட்டுறுத்துநர் இல்லை. டெலிபோன் பில்தான் இருந்தது.

1979. அமெரிக்காவின் வட கரோலினாவில் ட்யூக் பல்கலைக்கழகம். டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். அப்போது ஆர்ப்பாநெட் என்று ஒரு வலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ராணுவத்தின் ஆராய்ச்சிப் பணம் வாங்கிய இடங்களுக்கு மட்டும்தான் அதில் இணைப்பு. பணம் வாங்காதவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். இரண்டு பேரும் வேடிக்கை பார்த்து அலுத்து, நாமே ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று யோசித்தார்கள். பக்கத்து ஊர் சேப்பல் ஹில்லில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பெல்லோவின் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதித் தந்தார். ராத்திரியானதும் ஒரு யூனிக்ஸ் இயந்திரம் இன்னொன்றுக்கு போன் போடும். அங்கேயும் ராத்திரியில்தான் எஸ்.டி.டி. மலிவு. தன்னிடம் இருக்கும் புதுக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, அதனிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளும். அது அடுத்த இயந்திரத்துக்கு போன் போடும். ஒருவர் எழுதியதை ஊரே படிக்கலாம், ஊரே பதில் எழுதலாம். யூஸ்நெட் என்று பெயர் வைத்து 1980ல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வரும், அதற்கு மேல் போகாது என்று எண்ணித்தான் அந்த முதல் மென்பொருளை எழுதினார்கள். மனித சுபாவத்தைப் பற்றி கம்ப்யூட்டர் விஞ்ஞானம் போட்ட கணக்குகளில் இவ்வளவு தப்பானதை நான் இன்னொன்று பார்க்கவில்லை. சி மொழியில் அடைப்புக்குறியை எந்த வரியில் போடுவது என்ற ஒரே விஷயத்துக்கே ஒன்றிரண்டு கடிதம் போதாது என்று அந்த மூன்று பேருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

கடிதம் பெருகியது. போன் பில்லும் பெருகியது. பெல் லேப்ஸ், டிஜிட்டல் எக்விப்மென்ட் மாதிரி பெரிய கம்பெனிகளின் இயந்திரங்கள் நாட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போன் போட்டு மூட்டை சுமந்தன. வர்ஜீனியாவில் ஒரு நில அதிர்வு ஆய்வு மையம். அதன் இயந்திரத்துக்கு சீஸ்மோ என்று பெயர். பூமி நடுங்குவதை ஆராயும் இடத்திலிருந்துதான் அமெரிக்கர்களின் வாய்ச்சண்டை அட்லாண்டிக் தாண்டி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. ஒரு ஆளுக்கு மெயில் போட வேண்டுமானால் வழியில் வரும் இயந்திரங்களின் பெயரை எல்லாம் வரிசையாக, நடுநடுவே ஆச்சரியக்குறி வைத்து எழுத வேண்டும்: டெக்வாக்ஸ்!சீஸ்மோ!எம்சிவாக்ஸ்! என்று. முகவரியிலேயே சத்தம் போட்டுவிட்டுத்தான் கடிதத்துக்குள் போனார்கள்.

இந்தப் பெரிய இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர்கள்தான் முதுகெலும்புக்காரர்கள். யாரும் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. மேலிடத்தில் யாரும் கவனிக்காத பட்ஜெட்டில் பில்லைத் தள்ளிவிடத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். கடிதங்களை விஷயவாரியாகப் பிரித்துவைத்த குழுக்களில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை இவர்கள் தமக்குள் பேசி முடிவு செய்தார்கள். ஊர் இவர்களை ‘சதிக் கும்பல்’ என்றது. இவர்கள் ‘சதிக் கும்பல் என்று எதுவும் கிடையாது’ என்றார்கள். அதைக் கூடிப் பேசித்தான் சொன்னார்களா என்று ஊர் கேட்டது. பிறகு அந்த வாக்கியமே யூஸ்நெட்டின் நிரந்தர நையாண்டியாகி, நாலெழுத்துச் சுருக்கமாகப் பல வருஷம் புழங்கியது.

இதற்கு நடுவில் 1984 வாக்கில் மட்டுறுத்துநர், அதாவது மாடரேட்டர், என்ற அவதாரம் நிகழ்ந்தது. குப்பை சேரக் கூடாத குழுக்களை எல்லாம் ‘மாட்’ என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். நீங்கள் எழுதுவது நேராகக் குழுவுக்குப் போகாது. ஒரு ஆளின் மெயில் பெட்டிக்குப் போகும். சம்பளம் இல்லாத ஆள். அவருக்குத் தீஸிஸ் இருக்கும், குழந்தைக்கு ஜுரம் இருக்கும், லீவு இருக்கும். எல்லாம் முடிந்து ஒரு நாள் உங்கள் கடிதத்தைத் திறப்பார். பிடித்திருந்தால் தலைப்பகுதியில் ‘அப்ரூவ்டு’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவார். பிடிக்காவிட்டால், கடிதம் வந்து சேரவில்லையோ என்று நீங்கள் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருக்கலாம். வராத பதிலைப் பற்றிக் கோபப்பட்டு வேறு குழுவில் எழுதலாம். மென்பொருள்காரர்களின் எரிச்சல் இலக்கியம் என்ற துறை இங்கே தொடங்குகிறது.

இந்தக் கோட்டைக்குப் பூட்டு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘அப்ரூவ்டு’ என்ற அந்த வரியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. கையெழுத்து இல்லை, கடவுச்சொல் இல்லை, எதுவும் இல்லை. அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் இயந்திரம் பார்க்கும். போட்டது யார் என்று கேட்காது. பிற்காலத்தில் ‘ஆல்ட்.ஹேக்கர்ஸ்’ என்று ஒரு குழு வந்தது. ஏட்டளவில் அது மட்டுறுத்தப்பட்ட குழு. ஆனால் மட்டுறுத்துநர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. அந்த வரியைத் தானே போட்டுக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தவர்கள் உள்ளே எழுதினார்கள். இங்கே எப்படி எழுதுவது என்று கேட்க நினைத்தவர்களால் அந்தக் கேள்வியை அங்கே கேட்க முடியவில்லை. என்னைக் கேட்டால், மட்டுறுத்தலின் நாற்பது வருஷ வரலாற்றில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஏற்பாடு இதுதான்.

1986ல் ஆரம்பித்து 1987ல் முடிந்தது மகா பெயர்மாற்றம். ஐரோப்பாக்காரர்கள் பில்லைப் பார்த்துவிட்டு, மதச் சண்டைக்கும் அரசியல் சண்டைக்கும் கடல் கடந்து காசு கொடுக்க முடியாது என்று கையை விரித்தார்கள். உடனே எல்லாக் குழுக்களையும் ஏழு கோத்திரமாகப் பிரித்தார்கள். கம்ப்யூட்டருக்குக் காம்ப், விஞ்ஞானத்துக்கு சை, பொழுதுபோக்குக்கு ரெக், சமூகத்துக்கு சாக், யூஸ்நெட் நிர்வாகத்துக்கு நியூஸ், எதிலும் சேராததற்கு மிஸ்க். வெறும் சண்டைக்கு டாக். டாக் கோத்திரத்தை ஒரே வரிக் கட்டளையில் வெட்டிவிடலாம் என்பதுதான் ஏற்பாட்டின் சூட்சுமம். சண்டை போடுகிறவர்களுக்குத் தனி இடம் கொடுத்து கௌரவித்தோம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

கோத்திரம் பிரித்தால் அடுத்து என்ன வரும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் மேலே யார் கீழே என்று வந்தது. 1989ல் வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அது ‘ரெக்’கில் வருமா, ‘சை’யில் வருமா? ரெக் என்றால் பல இயந்திரங்கள் சுமக்காது. சை என்றால் சுமக்கும். ஆகவே தொட்டியில் மீன் வளர்ப்பது விஞ்ஞானமே என்று ஒரு கட்சியும், ஆபீஸ் முடிந்து வந்து தீனி போடுவதெல்லாம் விஞ்ஞானம் ஆகாது என்று ஒரு கட்சியும் மோதின. ஓட்டெடுப்பு நடந்தது. மீன்களைப் பற்றி எழுதியதைவிட மீன்களை எங்கே வைத்து எழுதுவது என்பதைப் பற்றி எழுதியதுதான் அதிகம்.

இப்போது, இரண்டு வருஷம் பின்னால் போய், புரட்சி. எல்லாப் புராணத்திலும் ஒரு கட்டத்தில் அசுரர்கள் சாப்பிட உட்கார்ந்து திட்டம் போடுவார்கள் அல்லவா? 1987 மே 7ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஜி.டி.ஸ் சன்செட் பார்பெக்யூ என்ற ஓட்டலில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பிரையன் ரீட், ஜான் கில்மோர், கார்டன் மொஃபெட். கில்மோருக்குப் போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு வேண்டும், முதுகெலும்புக்காரர்கள் தரவில்லை. ரீடின் துக்கம் வேறு. அவர் சமையல் குறிப்புக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். வரும் குறிப்புகளைத் தேர்ந்தெடுத்து, திருத்தி, அந்தக் கால அச்சுக்கோர்ப்பு மென்பொருளான ட்ராஃபில் அழகாக அமைத்து வெளியிடுவார். ‘மாட்.கூர்மாண்ட்’ என்று கம்பீரமாக இருந்த அந்தப் பெயரை, மகா பெயர்மாற்றத்தில் ‘ரெக்.ஃபுட்.ரெசிபீஸ்’ என்று ஆக்கப்பார்த்தார்கள். ஒருவருக்குப் போதை மறுக்கப்பட்டது. ஒருவருக்குப் பெயரில் இருந்த மசாலா பிடுங்கப்பட்டது. முதுகெலும்பைத் தொடாமலே தமக்குள் கடிதம் மாற்றிக்கொள்ள ஒரு தனி வழி போட்டார்கள். அதுதான் ‘ஆல்ட்’. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், ஓட்டு வேண்டாம், குழு ஆரம்பிக்க ஒரு கட்டளை அடித்தால் போதும்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மட்டுறுத்தலிலிருந்து விடுதலை வாங்கித் தந்த ரீட் யார்? மட்டுறுத்துநர். சாம்பாரில் பெருங்காயம் எவ்வளவு என்பதைக்கூடத் தன் கை படாமல் வெளியே விடாதவர். சுதந்திர பூமியில் அவர் நட்ட முதல் கொடிகளில் ஒன்று ‘ஆல்ட்.கூர்மாண்ட்’.

அடுத்த வருஷமே வேடிக்கை முற்றியது. ‘சாக்.செக்ஸ்’ என்று ஒரு குழு கேட்டு ஓட்டெடுப்பு நடந்தது, ஜெயித்தும் விட்டது. குழுக்களின் பட்டியலைப் பராமரித்து வந்த ஜீன் ஸ்பாஃபோர்ட் அதை உருவாக்க மறுத்துவிட்டார். மக்கள் தீர்ப்பு வேறு, மகேசன் தீர்ப்பு வேறு. 1988 ஏப்ரல் 3 அன்று ரீட் தானே ‘ஆல்ட்.செக்ஸ்’ தொடங்கினார். போதை ஏற்கெனவே இருக்கிறது, இப்போது செக்ஸும் வந்துவிட்டது, ஆகவே கலையம்சம் கருதி ‘ஆல்ட்.ராக்-என்-ரோல்’ என்று ஒன்றையும் தொடங்கிவிட்டேன் என்று அறிவித்தார். அதே அறிவிப்பில், அதே மூச்சில், இன்னொன்றும் சொன்னார்: கிறுக்கர்கள் வந்து இதைப் பிடித்துக்கொண்டால் குழுவையே நீக்கிவிடுவேன், அல்லது மட்டுறுத்துவேன். விடுதலைப் பத்திரத்தின் மை காயவில்லை.

ஸ்பாஃபோர்டையும் குறை சொல்ல மனசு வரவில்லை. இந்த மகாசபையின் பட்டியலை வருஷக்கணக்கில் கூலியில்லாமல் எழுதிக்கொண்டிருந்த மனிதர். யூஸ்நெட் என்பது வயிற்றுப்போக்கு கண்ட சர்க்கஸ் யானைக் கூட்டம் என்று 1992ல் அவர் சொன்னார்: பிரம்மாண்டம், திருப்புவது கஷ்டம், பார்க்கப் பிரமிப்பு, எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத அளவு சாணி. அதைச் சொன்ன அடுத்த வருஷம் அங்குசத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’ என்று ஒரு குழு இருந்தது. திரையில் தமிழ் எழுத்து வராத காலம்; ஆங்கில எழுத்திலேயே தமிழைப் பிசைந்து சண்டை போட்டார்கள். பண்பாட்டுக்கு என்று இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் குழு எந்த விதத்திலும் விதிவிலக்கு இல்லை.

ஜோக்குக்கு ஒரு மட்டுறுத்துநர் இருந்த கதையை விட்டுவிட முடியாது. ‘ரெக்.ஹ்யூமர்’ குழுவில் ஜோக்கைத் தவிர எல்லாம் இருந்தது. பழைய ஜோக், அது பழையது என்ற புகார், புகாரில் இலக்கணப் பிழை என்ற திருத்தம். 1987ல் கனடாக்காரர் பிராட் டெம்பிள்டன் ‘ரெக்.ஹ்யூமர்.ஃபன்னி’ என்று மட்டுறுத்திய குழு ஒன்றைத் தொடங்கினார். சிரிப்பு வந்தால் உள்ளே, வராவிட்டால் வெளியே. யாருக்கு மனம் புண்படும் என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்றார். புண்படுத்தக்கூடியதை எழுத்துக்கு எழுத்து பதிமூன்று இடம் தள்ளி மாற்றிப் போடும் வழக்கம் யூஸ்நெட்டில் இருந்தது. படிக்க விரும்புகிறவர் தானே மெனக்கெட்டுத் திருப்பிப் போட்டுப் புண்பட்டுக்கொள்ளலாம். 1988 கடைசியில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் யூதரும் வரும் ஜோக்கால் தகராறு. விவகாரம் பத்திரிகைக்குப் போய், வாட்டர்லூ பல்கலைக்கழகம் குழுவைத் தடை செய்தது. 1989 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டும் தடை செய்தது. அங்கே லிஸ்ப் மொழியைப் படைத்த, செயற்கை அறிவு என்ற துறைக்கே பெயர் சூட்டிய ஜான் மெக்கார்த்தி வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். நூலகத்திலிருந்து புத்தகத்தை நீக்குவீர்களா என்று கேட்டார். ஒரு சுமாரான ஜோக்குக்காக இருபதாம் நூற்றாண்டின் ஆகப்பெரிய மூளைகளில் ஒன்று மனுவுக்குக் கையெழுத்து சேகரித்தது. கடைசியில் அங்கே தடை விலகியது. ஊர் ஜோக்கையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தவருக்காக, தள்ளுவது தப்பு என்று போராடி ஜெயித்தார்கள். அவரால் நிராகரிக்கப்பட்டவர்கள் அன்றைக்கு என்ன நினைத்தார்களோ.

1993க்கு வருவோம். ஃபின்லாந்தில் ஒரு இயந்திரம் பெயரை மறைத்துக் கடிதம் அனுப்பித் தந்துகொண்டிருந்தது. ஒஹையோவைச் சேர்ந்த ரிச்சர்ட் டெப்யூவுக்கு இது பொறுக்கவில்லை. பெயரில்லாக் கடிதங்களைத் தேடிப் பிடித்து ரத்து செய்ய ஒரு தானியங்கி எழுதினார். அதற்கு ஆர்ம் என்று சுருக்கப் பெயர். விரித்தால் ‘தானியங்கிப் பின்தேதியிட்ட குறைந்தபட்ச மட்டுறுத்தல்’. அரசு கெஜட்டில்கூட இப்படி ஒரு பெயரைப் பார்க்க முடியாது. மார்ச் 30 இரவு அதை முடுக்கிவிட்டார்.

ஆர்ம் ஒரு கடிதத்தைப் பிடித்தது, ரத்து செய்தது, ரத்து செய்ததை அறிவித்து ஒரு கடிதம் போட்டது. பிறகு அந்த அறிவிப்பைப் பார்த்தது. இதுவும் சந்தேகத்துக்குரியதாகத் தோன்றியது. அதையும் ரத்து செய்து, அதற்கும் ஒரு அறிவிப்பு போட்டது. ஒவ்வொரு முறையும் தலைப்பில் தன் பெயரை இன்னொரு தடவை சேர்த்துக்கொண்டது. ஆர்ம்: ஆர்ம்: ஆர்ம்: ஆர்ம்: என்று தலைப்பு மட்டுமே வளர்ந்து, கடிதத்தின் அடையாள எண்ணும் வளர்ந்து, உள்ளே விஷயம் என்ற ஒன்று வருவதற்குள் பல திரை உருட்ட வேண்டியதாயிற்று. நிர்வாகக் கொள்கை பற்றிப் பேசும் குழுவில், மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டு அங்கே போய், இருநூறுக்கும் மேல் கடிதங்களைக் கொட்டியது. ஒரு மெயில் இயந்திரமாவது படுத்துவிட்டது. குறைந்தபட்ச மட்டுறுத்தல்! டெப்யூ மன்னிப்புக் கேட்டார். ஜோயல் ஃபர் என்பவர் இந்தக் கொட்டலுக்கு ‘ஸ்பேம்’ என்று பெயர் சூட்டினார். இன்றைக்கு உங்கள் மெயிலில் லோன் வேண்டுமா என்று வருகிறதே, அந்தப் பெயர் யூஸ்நெட்டில் முதலில் ஒட்டியது ஒரு காவல்காரனின் முதுகில்.

சுதாரித்து எழுந்திருக்கக்கூட நேரம் இல்லை. செப்டம்பர் தோறும் கல்லூரிப் புதுமுகங்கள் வந்து அசட்டுக் கேள்விகள் கேட்பார்கள், அக்டோபருக்குள் அடி வாங்கி அடங்குவார்கள் என்பது யூஸ்நெட்டின் பருவகாலம். 1993 செப்டம்பருக்குப் பிறகு ஏ.ஓ.எல். மாதிரி கம்பெனிகள் பொதுமக்களைத் திறந்துவிட, அந்த செப்டம்பர் முடியவே இல்லை. 1994 ஏப்ரல் 12ல் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு மனு போட்டுத் தருகிறோம் என்ற விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒட்டினார்கள். திட்டி வந்த கடிதங்களின் பாரத்தில் அவர்களுக்கு இணைப்புத் தந்த கம்பெனியின் இயந்திரம் விழுந்தது. அவர்கள் விழவில்லை. இன்டர்நெட்டில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகம் போட்டார்கள்.

அதன் பிறகு யார் ரத்து செய்யலாம், எதை ரத்து செய்யலாம் என்பதற்கு ஒரு தர்மசாஸ்திரம் எழுத வேண்டி வந்தது. கருத்தைப் பார்க்கக் கூடாது, எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாம் என்று முடிவானது. எழுதியவர்கள் கணக்குப்பிள்ளைகள் ஆயிற்றே. ப்ரைட்பார்ட் குறியீடு என்று ஒரு சூத்திரம் வகுத்தார்கள். ஒரு கடிதம் எத்தனை குழுக்களுக்கு ஒன்றாகப் போனதோ அதன் வர்க்கமூலத்தை எடு. ஒன்பது குழு என்றால் மூன்று. இன்னொரு பிரதி பதினாறு குழுவுக்குப் போயிருந்தால் நான்கு. கூட்டினால் ஏழு, பிழைத்தாய். நாற்பத்தைந்து நாளில் கூட்டுத்தொகை இருபதைத் தொட்டால் ரத்து. சித்திரகுப்தன் இந்தச் சூத்திரத்தைப் பார்த்தால் பேனாவை வைத்துவிட்டு வி.ஆர்.எஸ். வாங்கிக்கொள்வான். கேன்சல்மூஸ் என்ற புனைபெயரில் ஒரு ஆசாமி ஸ்பேமை ரத்து செய்துவந்தார். யார் என்று தெரியாது. பெயரில்லாதவர்களை ஒழிக்கப் புறப்பட்ட தானியங்கி செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரைக் காப்பாற்றியவர் பெயரில்லாதவர்.

நடுவில் பதினாலு வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

2008ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தொடங்கினார்கள். சதிக் கும்பல் இல்லை, முதுகெலும்பு இல்லை, எல்லாம் ஓட்டு. நல்ல பதிலுக்குப் புள்ளி. மூவாயிரம் புள்ளி சேர்த்தால் அடுத்தவன் கேள்வியை மூட நீங்களும் ஓட்டுப் போடலாம். அதாவது முன்பு சிலர் கையில் மட்டும் இருந்த கதவை, உழைப்பால் உயர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். உழைப்பால் உயர்ந்தவர்களின் இரக்க குணம் பற்றி நாம் அறிவோம். ஏற்கெனவே கேட்ட கேள்வி: மூடு. அபிப்பிராயம் கேட்கிறான்: மூடு. கேள்வி தெளிவில்லை: மூடு. ‘ஹாய்’ என்று ஆரம்பித்தால் அந்த ஹாயையே வெட்டினார்கள். நன்றி சொன்னால் நன்றியையும். ராத்திரி இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்துக் கிடக்க, நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலையில் ஒரு பையன் கேள்வி கேட்பான். இது 2011லேயே கேட்கப்பட்டது என்று ஒரு இணைப்பு வரும். அதில் இருக்கும் பதில் 2011ன் பதிலாக இருக்கும். 2018ல் கம்பெனியே, நம் தளம் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லை என்று வலைப்பதிவில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அந்தப் பதிவின் கீழே பழையவர்கள் வந்து சண்டை போட்டார்கள்.

பிறகு சாட்ஜிபிடி வந்தது. பிழையான பதில்களை மணிமணியான இங்கிலீஷில் நிமிஷத்துக்கு ஒன்றாக இறக்கியது. 2022 டிசம்பரில் மட்டுறுத்துநர்கள் அதைத் தடை செய்தார்கள். 2023ல் கம்பெனி, இயந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தில் எல்லாவற்றையும் நீக்கிக்கொண்டிருக்காதீர்கள் என்று அவர்கள் கையைக் கட்டியது. ஜூன் 5 அன்று மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் இல்லாத வேலையில் ஸ்டிரைக்! எங்களைக் கேட்காமல், காரணம் சொல்லாமல், மேலிருந்து முடிவெடுக்கிறார்கள் என்பது அவர்களின் குறை. கேள்வி மூடப்பட்ட லட்சக்கணக்கான பேருக்கு அந்த வாசகம் எங்கேயோ கேட்டதாகப் பட்டிருக்கும். ஆகஸ்டில் சமரசமாகி வேலைக்குத் திரும்பினார்கள். மூட வேண்டியது நிறையச் சேர்ந்திருந்தது.

2024 மே மாதம் கம்பெனி ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டது. பதினைந்து வருஷமாக ஓசியில் எழுதிய பதிலை விற்கிறார்களே என்று கொதித்த சிலர், தங்கள் பதில்களைத் தாங்களே அழிக்கப் பார்த்தார்கள். என் பதிவை ஏன் நீக்கினாய் என்று 1984லிருந்து கேட்டுவந்த ஜாதி, முதன்முறையாக என் பதிவை ஏன் நீக்க விடமாட்டேன் என்கிறாய் என்று கேட்டது. மட்டுறுத்துநர்கள் அழித்ததை எல்லாம் மீட்டு, பழையபடி ஒட்டிவைத்து, எழுதியவர்களின் கணக்கைச் சில நாள் முடக்கினார்கள்.